சுழலும் கூரையோடு வீட்டுப் பின்புறத்தில் ஒரு வானாய்வுக் கூடம்: கரிசல் மண்ணில், காற்றடிக்கும் ஊரில் எப்படிக் கட்டுவது?

கரிசல்வானம்:

எல்லோருக்கும் வணக்கம். கோவில்பட்டிக்கும் கயத்தாறுக்கும் நடுவில் எங்கள் ஊர். வீட்டுக்குப் பின்னால் காலி இடம் இருக்கிறது. 8 அங்குல நியூட்டோனியன் (குழிக்கண்ணாடி வைத்த) தொலைநோக்கியும், அதைத் தாங்க ஜெர்மன் ஈக்குவடோரியல் மவுண்டும் (ஒரு அச்சைத் துருவத்தை நோக்கிச் சாய்த்து வைத்து வானத்தின் சுழற்சியைத் தொடரும் தாங்கி) வைத்திருக்கிறேன். தினமும் மவுண்டைத் தூக்கி வந்து வைத்து, வடக்கு பார்த்து நேர் செய்து, கண்ணாடி குளிரும்வரை காத்திருந்து, பார்க்க உட்காரும்போது பாதி ராத்திரி போய்விடுகிறது. அதனால் நிரந்தரமாக ஒரு கூடம் கட்டலாம் என்று முடிவு செய்திருக்கிறேன்.

10 அடி விட்டத்தில் வட்டச் சுவர், அதன் மேல் முழுதாகச் சுழலும் கூரை. அரைக்கோளமாக ஃபைபரில் வார்க்க இங்கே ஆள் இல்லை. அதனால் இரும்புச் சட்டத்தில் கூம்பு போல அமைத்துத் தகடு போர்த்தி, ஒரு பக்கம் திறப்பு விடலாம் என்பது யோசனை. கேட் செய்யும் பட்டறைக்காரர் ஒருவர் செய்து தருகிறேன் என்கிறார்.

எனக்கு மூன்று கவலைகள். ஆனி, ஆடியில் இங்கே அடிக்கும் மேல்காற்று உங்களுக்குத் தெரிந்திருக்கும், சுற்றிலும் காற்றாலைதான். மண் கரிசல், மழைக்கு உப்பி வெயிலுக்குப் பிளக்கும். அப்புறம் கூரை உட்கார்ந்து சுழலும் இரும்பு வளையம். 10 அடி வளையம் கோணாமல் வருமா? கட்டியவர்கள், கட்டப் போகிறவர்கள் யார் வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

மொட்டைமாடி:

வாழ்த்துகள் தம்பி. ஒரு சந்தேகம். வீட்டு மொட்டை மாடியிலேயே வைத்தால் அஸ்திவாரச் செலவு மிச்சம், மரங்களும் மறைக்காதே? கூரையும் சுழல வேண்டுமா என்ன? தண்டவாளத்தில் மொத்தமாக ஒரு பக்கம் தள்ளிவிடும் நகரும் கூரை செய்தால் செலவு பாதிதான் வரும். வானம் முழுக்கத் திறந்து கிடக்கும்.

தென்னந்தோப்பு:

உடுமலைப் பக்கம் சுழலும் கூரை ஒன்று கட்டிப் பயன்படுத்தி வருகிறேன். முதலில் மாடி வேண்டாம் என்பதற்கான காரணம். பகல் முழுக்கக் கான்கிரீட் தளம் குடித்த வெயிலை ராத்திரி ஒரு மணி வரை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சூடான காற்று மேலே எழும்பி வியாழனின் பட்டைகளைக் கலக்கிவிடும். இரண்டாவது, அதிர்வு. கீழே யாராவது கதவைச் சாத்தினாலும் 200 மடங்கு உருப்பெருக்கத்தில் படம் ஆடும். மண்ணில் மவுண்டுக்கென்று தனித் தூண் நிறுத்தினால் இந்த இரண்டு தொல்லையும் இல்லை.

நகரும் கூரையை நான் குறை சொல்ல மாட்டேன். காற்றில்லாத, விளக்கில்லாத இடத்தில் அதுதான் எளிது. ஒரே நேரத்தில் இரண்டு மூன்று தொலைநோக்கி வைப்பவர்களுக்கும் அதுதான் சரி. ஆனால் கயத்தாறு காற்றில் திறந்த பெட்டிக்குள் நியூட்டோனியன் குழாய் ஒரு பாய்மரம். சுழலும் கூரையில் இரண்டரை அடித் திறப்பைத் தவிர மற்றதெல்லாம் மூடியிருக்கும். காற்று குழாயைத் தொடாது, தெரு விளக்கு கண்ணில் படாது, பனியும் குறைவாக இறங்கும். நான் கட்டியதற்கு முக்கியக் காரணமே பக்கத்துக் கோழிப்பண்ணையின் விளக்குதான். கூரையைத் திருப்பினால் அந்த விளக்கு இல்லாமல் போகிறது.

மாறும்விண்மீன்:

ஒளி கூடிக் குறையும் மாறொளிர் விண்மீன்களின் ஒளியளவை அளந்து பதிவு செய்வது என் வேலை, அதனால் வானத்தின் பக்கத்திலிருந்து சொல்கிறேன். கூடத்தின் அளவுகளை வெளிநாட்டு வரைபடத்திலிருந்து அப்படியே எடுக்காதீர்கள் தம்பி. அவை 40, 50 டிகிரி அட்சரேகைக்குப் போட்டவை. கோவில்பட்டி 9.2 டிகிரி. இங்கே வானம் வேறு விதமாகச் சுழல்கிறது.

ஓரியனின் இடுப்புப் பட்டையில் உள்ள மின்டாக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். அது வான நடுவரைக்கு (பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானத்தில் செல்லும் கோட்டுக்கு) மிக அருகில் இருப்பதால் ஏறக்குறைய நேர் கிழக்கில் உதிக்கும். உதித்த பிறகு உங்கள் ஊரில் செங்குத்தாக மேலே ஏறும். முதல் மூன்று மணி நேரத்தில் சுமார் 44 டிகிரி உயரம் வந்துவிடும், ஆனால் திசை மாறுவது வெறும் 9 டிகிரி. கூரையைத் தொடவே வேண்டாம். அடுத்துதான் இருக்கிறது. உச்சம் தொடுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் அது சுமார் 59 டிகிரி திரும்பும், உச்சம் கடந்த ஒரு மணி நேரத்தில் இன்னொரு 59. இரண்டு மணி நேரத்தில் 118 டிகிரி. 3 மீட்டர் விட்டமுள்ள வளையத்தில் இது ஓரத்தில் சுமார் 3.1 மீட்டர் நகர்வு. லண்டனில் இருப்பவருக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது, அவருக்குக் கோள்கள் தலைக்கு மேல் வருவதில்லை. நமக்கு வியாழனும் சனியும் உச்சந்தலைக்கு நேராகவே போகும் வருஷங்கள் உண்டு.

ஆகவே கூரைத் திறப்பு நடு மையத்தோடு நின்றுவிடக் கூடாது. மையத்தைத் தாண்டி மறுபக்கம் குறைந்தது ஒன்றரை அடி திறக்க வேண்டும். ஜெர்மன் மவுண்டில் குழாய் தூணின் நடுவில் இருக்காது, ஒரு பக்கம் தள்ளித்தான் இருக்கும். உச்சிக்கு அருகே அந்த விலகல்தான் பார்வையை மறைக்கும். திறப்பு தாராளமாக இருந்தால் உச்சியைக் கடக்கும்போது கூரையை ஓட ஓடத் திருப்ப வேண்டியதில்லை.

அடுத்தது அடிவானம். இதை மிகவும் வலியுறுத்திச் சொல்கிறேன். துருவ நட்சத்திரம் உங்களுக்கு வடக்கே 9 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். தெற்கே நமக்கு அருகிலுள்ள கேலக்ஸியான பெரிய மெகல்லன் மேகம் 11 டிகிரி வரை ஏறும். ஈட்டா கரினே விண்மீன் 21, ஒமேகா சென்டாரி விண்மீன் கொத்து 33. டெல்லியில் இருப்பவர் மெகல்லன் மேகத்தைப் பார்க்கவே முடியாது. உங்களுக்குத் தை மாதச் சாயங்காலங்களில் அது கிடைக்கிறது. சென்னை வானாய்வு நிலையத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867ல் ஆர் ரெட்டிகுலி என்னும் மாறொளிர் விண்மீனைக் கண்டறிந்தார். அந்த விண்மீன் உங்கள் ஊரில் 18 டிகிரி உயரம் வரும். சுவரை உயர்த்திக் கட்டி இதையெல்லாம் இழந்துவிடாதீர்கள்.

கணக்கு எளிது. மவுண்டின் அச்சுகள் சந்திக்கும் இடம் கூடத்தின் நடுவில். அங்கிருந்து ஓரம் வரை 1.5 மீட்டர். 10 டிகிரிக்கு மேல் தெரிய வேண்டுமானால் அச்சு மட்டத்துக்கு மேல் 26 செ.மீ. வரைதான் தடுப்பு இருக்கலாம். குழாயின் கீழ்ப்பாதி 10 செ.மீ. கழித்தால் 16 செ.மீ. சுவரும் வளையமும் திறப்பின் கீழ் விளிம்பும் எல்லாம் சேர்ந்து அதற்குள் அடங்க வேண்டும்.

கரிசல்வானம்:

அக்கா, மிக்க நன்றி. மின்டாக்கா கணக்கை நேற்று ராத்திரி ஸ்டெல்லேரியம் என்னும் வானக் காட்சி மென்பொருளில் ஓட்டிப் பார்த்தேன், நீங்கள் சொன்னபடியேதான் வருகிறது. சுவரை 5 அடி என்று வரைந்திருந்தேன், 4 அடியாக்கித் தூணை அதற்கேற்ப உயர்த்துகிறேன். இன்னொன்று: என் மவுண்டில் அட்சரேகை அளவுகோல் 15 டிகிரிக்குக் கீழே இறங்க மறுக்கிறது. முக்காலியில் வைக்கும்போது வடக்குக் காலைச் சுருக்கிச் சமாளித்து வருகிறேன். தூணில் என்ன செய்வது?

தென்னந்தோப்பு:

தூணின் தலைத் தகட்டையே வடக்கு நோக்கி 10 டிகிரி சாய்த்துவிடுங்கள். வடக்கு விளிம்பு கீழே, தெற்கு விளிம்பு மேலே. அப்போது அளவுகோலில் 19 வைத்தால் உண்மையில் 9 கிடைக்கும். தகட்டை மூன்று நீளப் போல்ட்டில், மேலும் கீழும் நட் போட்டு நிறுத்தினால் சாய்வைத் துல்லியமாக வைக்கலாம். குழாய்க்கு எதிர்ப்பக்கம் எடை மாட்டும் எடைக்கல் தண்டு தூணில் முட்டாமல் இருக்க, தூணின் தலைப்பகுதி ஒல்லியாக இருக்கட்டும். நம் அட்சரேகையில் அந்தத் தண்டு தூணுக்கு மிக நெருக்கமாகச் சுற்றும்.

துருவ நட்சத்திரம் தூசிக்குள் இருக்கும் நாட்களில் அதை நம்பி உட்கார வேண்டாம். விண்மீன் பார்வையில் நகர்வதைப் பார்த்துத் திருத்தும் முறையில் ஒருமுறை பொறுமையாக நேர் செய்தால் போதும். தூண் அசையாதவரை மறுபடி தொட வேண்டியதில்லை.

கட்டடப்பொறியாளர்:

“தூண் அசையாதவரை” என்றீர்களே, கரிசலில் அதுதான் சிக்கல். நான் தெற்கு மாவட்டங்களில் வீடு கட்டும் வேலையில் இருக்கிறேன். கரிசலில் இரண்டு அடி தோண்டித் தூண் நிறுத்தினால் ஐப்பசி மழையில் ஒரு பக்கம் தூக்கும், சித்திரையில் இறங்கும். கண்ணுக்குத் தெரியாது, உங்கள் படத்தில் தெரியும்.

கறுப்பு மண் முடிந்து சுண்ணாம்புச் சுக்கான் கலந்த கெட்டித் தரை வரும்வரை தோண்டுங்கள். நாலு அடியிலும் வரலாம், ஏழு அடியிலும் வரலாம், இடத்துக்கு இடம் மாறும். அந்தக் கெட்டியில் அகலமான அடித்தளம் போட்டு, அதிலிருந்து ஒரு அடி விட்டத்தில் தூணை எழுப்புங்கள். தோண்டிய கறுப்பு மண்ணைத் திரும்பப் போட்டு மூடாதீர்கள். சுற்றிலும் மணலும் கிராவலும் போட்டுத் தண்ணீர் விட்டுக் கெட்டியுங்கள். கூடத்தின் தரை தூணைத் தொடக் கூடாது, நடுவில் ஒரு அங்குல இடைவெளி விட்டுத் தெர்மோகோல் வையுங்கள். நீங்கள் நடப்பது தூணுக்குத் தெரியக் கூடாது.

இப்போது காற்று. இந்தியத் தர விதி ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதியில் மதுரைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர், சென்னைக்கு 50. வேகத்தின் வர்க்கத்தை 0.6ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் என்று வரும். 39க்கு ஏறக்குறைய 913 நியூட்டன், அதாவது 93 கிலோ எடைக்குச் சமம். உங்கள் கூரையின் வட்டப் பரப்பு 7 சதுர மீட்டர். மேல்நோக்கிய இழுப்பு அதே அளவு என்று தோராயமாக எடுத்தால் 650 கிலோ. நீங்கள் செய்யப் போகும் கூரை எவ்வளவு கனம் இருக்கும்?

இரும்புப்பட்டறை:

நான் கோயம்புத்தூரில் ஃபேப்ரிகேஷன் வேலை செய்கிறேன். இந்த அளவுக் கூரை சுமார் 150 கிலோ வரும் சார். 65க்கு 65, 6 மி.மீ. கனத்தில் எம்.எஸ். ஆங்கிள் (L வடிவ இரும்புப் பட்டை) ஒரு மீட்டர் 5.8 கிலோ. வளையத்துக்கு மட்டும் 55 கிலோ. மிச்சம் பாக்ஸ் பைப் சட்டம், 0.5 மி.மீ. தகடு, திறப்பு மூடி.

கட்டடப்பொறியாளர்:

அப்படியானால் 500 கிலோ மிச்ச இழுப்பை யாராவது பிடித்தாக வேண்டும். கூரை சக்கரத்தின் மேல் சும்மா உட்கார்ந்திருந்தால் அது நிற்காது. கொக்கி போட்டுப் பிடிக்கச் சொன்னால் பலர் அதைச் செங்கல் சுவரின் மேல்வரிசையில் அடித்துவிடுகிறார்கள். காற்று கூரையோடு அந்த வரிசையையும் சேர்த்துக் கொண்டுபோகும். சுவர் உச்சியில் சுற்றிலும் 6 அங்குலக் கான்கிரீட் பெல்ட் போடுங்கள். அதிலிருந்து நாலு அல்லது ஆறு இடத்தில் டி.எம்.டி. கம்பி சுவருக்குள் இறங்கி அஸ்திவாரம் வரை போக வேண்டும். கொக்கியின் ஆங்கர் போல்ட் அந்தப் பெல்ட்டில் வார்க்கும்போதே நிற்கட்டும்.

மொட்டைமாடி:

சார் சொல்வதை நான் அப்படியே ஒத்துக்கொள்கிறேன். 2016 டிசம்பர் 12, வர்தா புயல் அன்று எங்கள் தெருவில் மாடித் தகரக் கொட்டகை ஒன்று மூன்று வீடு தாண்டி விழுந்தது. தம்பி, கொக்கியில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

இரும்புப்பட்டறை:

வானம் பற்றி அதிகம் தெரியாது, வளையம் பற்றித் தெரியும். தென்னந்தோப்பு சாருடைய வளையம் எங்கள் பட்டறையில் செய்ததுதான்.

ஆங்கிளை இரண்டு பாதியாக ரோலிங் போட (மெஷினில் விட்டு வளைக்க) சொல்லுங்கள். ரோலிங் மெஷினில் பட்டையின் இரண்டு முனையிலும் ஒரு அடி நேராகவே நிற்கும், வளையாது. அதை அப்படியே சேர்த்து வெல்டிங் வைத்தால் வளையம் முட்டை வடிவமாகிவிடும். ஒவ்வொரு பாதிக்கும் இரண்டு அடி நீளம் அதிகமாகக் கொடுத்து, வளைத்த பிறகு நேரான முனைகளை வெட்டிவிட வேண்டும். ரோலிங் கடைக்காரர் தானாகச் சொல்ல மாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

ஆங்கிளின் படுக்கும் கால் உள்பக்கம் பார்க்கட்டும், நிற்கும் கால் வெளி ஓரத்தில் மேல்நோக்கி இருக்கட்டும். படுக்கும் காலுக்கு அடியில் சக்கரம். அதே காலின் உள் விளிம்பை மேலிருந்து கொக்கி பிடிக்கும். வெளியே நிற்கும் காலில் கூரைச் சட்டமும், மழைக்கு அரை அடி கீழே தொங்கும் தகடும். இந்த ஒரு அமைப்பில் மூன்று வேலையும் முடிந்துவிடும். கொக்கிக்கும் இரும்புக்கும் நடுவில் 5 மி.மீ. இடைவெளி விட்டால் போதும், சுழலும்போது உரசாது, காற்று தூக்கினால் உடனே பிடிக்கும்.

சக்கரத்தைக் கூரையில் மாட்டித் தண்டவாளத்தைச் சுவரில் வைக்க வேண்டாம். சுவர்மேல் தண்டவாளம் இருந்தால் மண்ணும் மயில் எச்சமும் அதில்தான் சேரும், ஒவ்வொரு தடவையும் கூட்டிவிட்டுத்தான் திருப்ப வேண்டும். சக்கரத்தைச் சுவரில் மல்லாக்கப் பதித்து வளையத்தை அதன் மேல் ஓடவிடுங்கள். 3 அங்குலச் சக்கரம் எட்டு, உள்ளே பால் பேரிங் உள்ளதாக. பக்கவாட்டில் விலகாமல் இருக்க உள்ளிருந்து வெளியே தள்ளும் கிடைச் சக்கரம் நாலு.

ஒவ்வொரு சக்கரத்தின் அச்சும் கூடத்தின் நடுமையத்தைப் பார்க்க வேண்டும். தூணின் தலையில் ஆணி அடித்து நூல் கட்டி, நூலும் அச்சும் ஒரே கோட்டில் வரும்படி வையுங்கள். கொஞ்சம் கோணினாலும் சக்கரம் உருளாமல் இழுத்துக்கொண்டு போகும், ராத்திரியில் கிறீச்சென்று தெருவே கேட்கும். உயரத்துக்கு ரசமட்டம் மட்டும் போதாது. எதிரெதிர்ச் சக்கரங்களை டியூபில் தண்ணீர் விட்டுப் பாருங்கள், 2 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். தாழ்ந்த இடத்தில் தகட்டுத் துண்டு வைத்து உயர்த்தலாம்.

வெல்டிங் பற்றி ஒன்று. முதலில் எல்லா இடத்திலும் டேக் (சின்னப் புள்ளி வெல்டிங்) மட்டும் வைத்து, வளையத்தை எட்டுச் சக்கரத்தின் மேல் வைத்து ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். எந்தச் சக்கரம் சும்மா நிற்கிறது என்று தெரியும். பிறகு எதிரெதிர்ப் பக்கமாக மாற்றி மாற்றி ஃபுல் வெல்டிங் வையுங்கள். ஒரே பக்கத்திலிருந்து தொடர்ந்து வைத்துக்கொண்டே போனால் சூட்டில் வளையம் தூக்கிக்கொள்ளும்.

கரிசல்வானம்:

அண்ணா, எங்கள் பட்டறைக்காரரிடம் இதை அப்படியே படித்துக் காட்டினேன். நேரான முனை விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தது, சக்கரத்தை மல்லாக்க வைப்பது புதிது என்றார். கூம்பின் உச்சியைத் திறப்பு வெட்டிக்கொண்டு போகிறதே, சட்டம் பலம் இழக்காதா என்று கேட்கிறார்.

இரும்புப்பட்டறை:

சரியான கேள்விதான் கேட்டிருக்கிறார். கூம்பு உச்சியில் எல்லாக் கால்களையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். இரண்டரை அடி இடைவெளியில் இரண்டு முதன்மை உத்திரங்கள், வளையத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை இணையாகப் போகட்டும். அவைதான் முழுச் சுமையும் தாங்கும், மற்றக் கால்கள் எல்லாம் அவற்றில் வந்து சாயும். திறப்பு அந்த இரண்டுக்கும் நடுவில். மேல்மூடி அதே உத்திரத்தின் மேல் பின்னால் சறுக்கும், கீழ்மூடி கீல் வைத்து வெளியே தொங்கும். திறப்பின் ஓரத்தில் தகட்டை ஒரு அங்குலம் மேல்நோக்கி மடித்து, அதன் மேல் மூடியின் மடிப்பு கீழ்நோக்கிக் கவியட்டும். ரப்பர் பீடிங்கை மட்டும் நம்ப வேண்டாம், நம் வெயிலில் அது சீக்கிரமே வெடித்துவிடும்.

மாறும்விண்மீன்:

தகட்டுக் கூரைக்கு ஒரு எச்சரிக்கை. தெளிந்த ராத்திரியில் தகடு தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். உள்ளிருக்கும் ஈரக்காற்று அடிப்பக்கத்தில் படிந்து சொட்டும். அந்தச் சொட்டு நேராகக் கண்ணாடியில் விழும். தகட்டுக்குக் கீழே ஃபாயில் ஒட்டிய ஃபோம் ஷீட் ஒட்டினால் சொட்டாது, பகல் சூடும் குறையும். வெளியே வெள்ளைப் பெயின்ட் அடியுங்கள். சாயங்காலம் சூரியன் இறங்கியதுமே திறப்பைத் திறந்து கதவையும் திறந்து வையுங்கள்.

மார்கழி வரை ஈரம் அதிகம். குழாயின் இரு முனையையும் மூடி உள்ளே சிலிகா ஜெல் வையுங்கள், மாதம் ஒருமுறை அதை வாணலியில் வறுத்துத் திரும்ப வைக்கலாம். கண்ணருகு வில்லையில் பூஞ்சை பிடித்தால் போகாது. பயன்படுத்தாத பைப் முனைகளையெல்லாம் அடையுங்கள், குளவி மண்கூடு கட்டும். கேபிள்களை இரும்புக் குழாய்க்குள் விடுங்கள், இல்லாவிட்டால் எலி கடித்துவிடும்.

மொட்டைமாடி:

மோட்டார் வேண்டுமா? கார் வைப்பர் மோட்டார் போட்டவர்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.

தென்னந்தோப்பு:

கண்ணால் பார்ப்பவருக்கு வேண்டாம். சக்கரம் சரியாக இருந்தால் 150 கிலோ கூரையை ஒரு கையால் திருப்பலாம், ஓரத்தில் நாலு கைப்பிடி போதும். தொடர்ந்து படம் எடுத்துக்கொண்டு தூங்கப் போகிறவருக்குத்தான் மோட்டார் அவசியம். ஏனென்றால் அக்கா சொன்ன அந்த 118 டிகிரியை யாராவது திருப்பியாக வேண்டும். முதல் வருஷம் கையால் திருப்புங்கள். வைப்பர் மோட்டாரும் ஒரு சின்ன ரப்பர் சக்கரமும் எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம், இடம் மட்டும் விட்டு வையுங்கள்.

கட்டடப்பொறியாளர்:

இடியையும் மறக்காதீர்கள். பாலியூரித்தேன் சக்கரம் போட்டால் கூரைக்கும் தரைக்கும் மின் தொடர்பு இருக்காது. மூடி நிறுத்தும் இடத்தில் வளையத்திலிருந்து தாமிரப் பின்னல் ஒன்றை எர்த் கம்பியோடு மாட்ட வசதி செய்யுங்கள். மழைக்காலத்தில் மவுண்டின் பிளக்கைப் பிடுங்கியே வையுங்கள்.

கரிசல்வானம்:

குழி தோண்டியாகிவிட்டது. ஐந்தரை அடியில் சுக்கான் தரை வந்தது. தூணுக்கு அடித்தளக் கான்கிரீட் போட்டு, இன்று மணல் நிரப்பித் தண்ணீர் விட்டிருக்கிறோம். ஆங்கிளை ரோலிங்குக்குத் திருநெல்வேலிக்கு அனுப்பப் போகிறோம்.

கடைசியாக ஒரு கேள்வி. கூரையை மூடி நிறுத்தும்போது திறப்பு எந்தத் திசையைப் பார்க்க வேண்டும்? தாமிரப் பின்னலையும் பூட்டையும் எந்த இடத்தில் வைப்பது என்பது இதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

தென்னந்தோப்பு:

ஆனி முதல் ஆவணி வரை உங்களுக்கு மேல்காற்று, அப்போது திறப்பு கிழக்கே பார்க்கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை வடகிழக்கிலிருந்து சாய்வாக அடிக்கும், அப்போது தென்மேற்கே. ஆகவே பூட்டும் இடம் இரண்டு வேண்டும். இரண்டு இடத்திலும் டர்ன்பக்கிள் (திருகி இறுக்கும் இணைப்பு) மாட்ட பெல்ட்டில் இப்போதே கொக்கி விட்டுவிடுங்கள், கான்கிரீட் இறுகிய பிறகு துளை போடுவது பலமாக நிற்காது.

இரும்புப்பட்டறை:

ரோலிங் கடையில் “உள்விட்டம் 10 அடியா, வெளிவிட்டம் 10 அடியா?” என்று கேட்பார்கள். சுவரின் நடுக்கோட்டை அளந்துகொண்டு போங்கள், சக்கரம் அந்தக் கோட்டில்தான் நிற்கும். சக்கரம் படுக்கும் காலின் நடுவில் வர வேண்டும். அதனால் வெளிவிட்டம் அந்தக் கோட்டின் விட்டத்தைவிட 65 மி.மீ. கூடுதலாக இருக்கச் சொல்லுங்கள். பேப்பரில் எழுதிக் கொடுங்கள், போனில் சொல்லாதீர்கள்.